வெளிநாட்டுக் கல்லூரி விண்ணப்பத்தோடு இசைப்பதிவு அனுப்புவது எப்படி? மலையக மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்கா போன்ற நாடுகளில் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, பரீட்சைப் பெறுபேறுகளோடு இசைப்பதிவு ஒன்றையும் சேர்த்து அனுப்பப் பல கல்லூரிகள் இடம் தருகின்றன. அட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, பதுளைப் பக்கமிருந்து அப்படி அனுப்ப நினைக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய சங்கீத ஆசிரியர்களுக்கும் இது எழுதப்படுகிறது. கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். பலரும் முதலில் பாடிப் பதிந்துவிட்டு, அதன் பிறகுதான் கல்லூரி என்ன கேட்கிறது என்று பார்க்கிறார்கள். நன்றாகப் பாடிய பாட்டு வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு வழி வேறு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சேர் பொன்னம்பலம் இராமநாதன் ஆற்றுகை, காண்பியக் கலைகள் பீடத்துக்கோ மட்டக்களப்பு சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கோ போக விரும்புவோர், க.பொ.த. உயர்தரப் பெறுபேற்றுடன் உளச்சார்புப் பரீட்சைக்குத் தயாராக வேண்டும். இந்த வழிகாட்டி அதற்கல்ல.

1. எந்த வகைப் பதிவு கேட்கிறார்கள் என்று உறுதிசெய்யுங்கள்

இரண்டு வகை உண்டு. பொறியியலோ உயிரியலோ படிக்கப் போகிறவர், தன் இசைத் திறனையும் காட்ட விருப்பத்தின்பேரில் சேர்க்கும் துணைப்பதிவு ஒன்று. இசையையே பட்டமாகப் படிக்க வருகிறவரை நேர்முகத் தேர்வுக்கு அழைப்பதா என்று முடிவுசெய்யக் கேட்கும் முன்தேர்வுப் பதிவு மற்றது. முதலாவதில் உருப்படிகளைப் பெரும்பாலும் நீங்களே தெரிவுசெய்யலாம். இரண்டாவதில் என்ன வகை, எத்தனை, எவ்வளவு நேரம் என்று பட்டியலே தருவார்கள். அதிலிருந்து ஒரு வரி தவறினாலும் முழுதையும் கேட்காமல் விடக்கூடும்.

சில கல்லூரிகள் துணைப்பதிவை ஏற்பதே இல்லை. ஏற்காத இடத்துக்கு இணைப்பை மின்னஞ்சலில் அனுப்பி மன்றாட வேண்டாம். அது விண்ணப்பத்துக்கு உதவாது.

ஒவ்வொரு கல்லூரிக்கும் கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்கி இவற்றை எழுதுங்கள்: ஒலி மட்டுமா, காணொளியா, உருப்படிகள் எத்தனை, மொத்த நிமிடம், கோப்பின் உச்ச அளவு, எந்தத் தளம் வழியாக (பலர் ஸ்லைட்ரூம் தளத்தைப் பயன்படுத்துகிறார்கள்), தளக் கட்டணம், இசை ஆசிரியரின் கடிதம் வேண்டுமா, இசைத் தகைமைப் பட்டியல் வேண்டுமா, இறுதித் திகதி. கடைசி விடயத்தில் ஒரு பொறி உண்டு. துணைப்பதிவின் இறுதித் திகதி விண்ணப்பத்தின் திகதிக்கு முந்தியதாகவும் இருக்கலாம், எனவே இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

2. உருப்படிகளைத் தெரிவுசெய்யுங்கள்

கேட்பவர் முன்னால் குவியல் குவியலாகப் பதிவுகள் கிடக்கும். முதல் ஒரு நிமிடத்திலேயே உங்கள் குரலின் சுருதிச் சுத்தம், லயம், கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) மூன்றும் தெரிந்துவிட வேண்டும். ஆகவே நன்றாக வருவதை முதலில் வையுங்கள். கச்சேரி முறைப்படி வர்ணத்தில் தொடங்கி மெல்ல மெல்ல ஏறிப்போக இங்கே நேரம் இல்லை.

பத்து நிமிடம் தந்திருந்தால் இப்படிப் பிரிக்கலாம்: 1½ நிமிட ஆலாபனையோடு ஒரு கீர்த்தனையும் சில ஆவர்த்தனக் (தாளச் சுற்றுக்) கற்பனாசுரமும் 6 நிமிடத்துக்குள், மீதியில் அதற்கு முற்றிலும் வேறான ஒன்று. முதலாவது கல்யாணியோ தோடியோ ஆதி தாளத்தில் நிதானமாகப் போனால், இரண்டாவது வேறு தாளத்தில், வேறு காலப்பிரமாணத்தில் இருக்கட்டும். ஒரே நடையில் இரண்டு பாட்டு பாடினால் இரண்டாவது புதிதாக எதையும் சொல்லாது.

கற்பனாசுரத்தை ஆசிரியர் எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்யும் வழக்கம் நம்மிடையே பரவலாக உண்டு. பதிவில் அப்படிப் பாடினால் அதை மனோதர்மம் (அந்த நேரத்துக் கற்பனை) என்று எழுதக் கூடாது. கர்நாடக இசை தெரிந்த பேராசிரியர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகளாகவே தென்னிந்திய இசை கற்பிக்கப்படுகிறது. எழுதிப் பழகிய எட்டு ஆவர்த்தனத்தை விட, சொந்தமாக வந்த இரண்டு ஆவர்த்தனம் மேல்.

தப்பு என்ற பறையை வாசிப்பவர்கள் அதை அனுப்பத் தயங்க வேண்டாம். காமன் கூத்து அடிகளைத் தெளிவாக, ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்துக் காட்டக்கூடியவருக்கு அது முழுமையான உருப்படிதான். சினிமாப் பாட்டைக் கரோக்கிப் பின்னணியோடு பாடியதை மட்டும் தவிருங்கள். பின்னணி இசை உங்களுடையதல்ல என்பதால் உங்களைப் பற்றி அது எதுவும் சொல்லாது. யூடியூபில் ஏற்றினால் பதிப்புரிமைச் சிக்கலும் வரும்.

3. நாளைக் குறியுங்கள்: மழை, கோயில், பரீட்சை

அமெரிக்க விண்ணப்பங்களின் வழக்கமான இரண்டு தவணைகள் நவம்பர் தொடக்கமும் ஜனவரி தொடக்கமும். இரண்டுமே மலையகத்தில் பதிவுக்குக் கஷ்டமான காலம். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. தீபாவளி வெடியும் அந்தப் பக்கம்தான் வரும். டிசம்பர் நடுவிலிருந்து மார்கழித் திருவெம்பாவைக்குக் கோயில் ஒலிபெருக்கி விடியுமுன்னே தொடங்கிவிடும். 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் உயர்தரப் பரீட்சையும் நவம்பரில்தான் ஆரம்பித்தது.

அதனால் இறுதித் திகதிக்கு எட்டு முதல் பத்து வாரம் முன்பே பதிவை முடித்துவிடுங்கள். அட்டன், தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அதே மாதங்களில் பண்டாரவளை, பதுளைப் பக்கம் பொதுவாக வெயில். அங்கே உறவினர் வீடு இருந்தால் ஓகஸ்ட் விடுமுறையில் போய்ப் பதிந்து வாருங்கள். தகரக்கூரையில் விழும் மழைச் சத்தத்தை எந்த மென்பொருளாலும் பாட்டுக்குக் கேடில்லாமல் பிரித்தெடுக்க முடியாது.

நேரத்தையும் காதால் கேட்டே தெரிவுசெய்யுங்கள். பதியப்போகும் அறையில் ஒரு நாள் முழுக்க, மணிக்கு ஒரு தடவை இரண்டு நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்து கேட்பதை எழுதிவையுங்கள். பிரட்டு (காலையில் தோட்டத்து ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுக்கும்) நேரத்துச் சத்தம், கொழுந்து லொறி, தேயிலை ஸ்டோர் இயந்திரத்தின் இரைச்சல், பீலித் தண்ணீர், பக்கத்துக் காம்பிராவின் தொலைக்காட்சி, ரயில் எல்லாம் அதில் வரும். பெரும்பாலான லயன் வீடுகளில், ஆட்கள் மலைக்குப் போய், பிள்ளைகள் பாடசாலைக்குப் போன பின் 9 மணி முதல் 11 மணி வரை நல்ல இடைவெளி கிடைக்கும். பின்னேரம் மேகம் கூடுமுன் முடித்தும் விடலாம்.

4. அறையைத் தயார்செய்யுங்கள்

கோயில் மண்டபமும் பாடசாலை மண்டபமும் ஆசை காட்டும். அங்கே பாடும்போது குரல் பெரிதாகக் கேட்கும், உண்மைதான். ஆனால் எதிரொலியில் கமகமும் துரித சுரங்களும் ஒன்றோடொன்று குழம்பிவிடும். மாறாக, சீமெந்துத் தரையும் வெறும் சுவரும் உள்ள சின்ன அறையில் கைதட்டிப் பார்த்தால் 'டிர்ர்' என்று ஒரு நடுக்கம் கேட்கும். அதுவும் ஆகாது.

சின்ன அறையைத் திருத்துவது எளிது. தரையில் பாயும் மெத்தையும் விரியுங்கள். பாடுகிறவருக்கு எதிர்ச்சுவரில், அதாவது போனுக்குப் பின்னால், இரண்டு கம்பளியைக் கயிற்றில் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுங்கள். சுவரோடு ஒட்டித் தொங்கினால் பாதிப் பலன்தான். முதுகுப் பக்கம் துணி நிறைந்த அலுமாரியைத் திறந்துவைக்கலாம். பிறகு மறுபடி கைதட்டுங்கள். அந்த நடுக்கம் போயிருக்க வேண்டும். அறையின் மூலையிலும், சரி நடுவிலும் உட்கார வேண்டாம். அங்கே சில சுரங்கள் மட்டும் தனியே வீங்கிக் கேட்கும்.

குளிரூட்டி, மின்விசிறி, இரைகிற குழல்விளக்கு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மடிக்கணினியைச் சார்ஜரில் போட்டபடி ஒலிவாங்கியை இணைத்தால் 'ம்ம்ம்' என்ற மின் இரைச்சல் ஏறலாம். பெட்டரியில் ஓடவிட்டால் அது வராது, நடுவில் கரண்ட் போனாலும் பதிவு நிற்காது.

5. போனும் ஒலிவாங்கியும்

இருக்கிற போன் போதும், ஆனால் அதன் அமைப்பு சரியாக இருக்க வேண்டும். கையடக்க ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை இரவல் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. சட்டையில் குத்தும் சின்ன ஒலிவாங்கி பேச்சுக்கானது. உடை உரசும் சத்தமும் தலை திரும்பும்போது குரல் மாறுவதும் அதில் அப்படியே பதியும்.

முதலில் இரைச்சல் நீக்கும் வசதியை அணையுங்கள். போனிலும் கம்பியில்லா ஒலிவாங்கிகளிலும் இது தானாக வேலைசெய்யும். விடாமல் ஒரே மாதிரி ஒலிப்பதை எல்லாம் அது இரைச்சல் என்றே எடுத்துக்கொள்ளும். தம்புரா அப்படித்தான் ஒலிக்கிறது! அதனால் நீங்கள் பாடும்போது சுருதி மங்குவதும், நிறுத்தும்போது திரும்பி வருவதுமாக இருக்கும். கேட்கிறவருக்கோ பாடுகிறவர் சுருதி விட்டதுபோல் படும். தானாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் அணைந்திருக்க வேண்டும். பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலியில் ஒலிமட்டத்தைக் கையால் வைக்கலாம், அதைக் காட்டும் முள்ளையும் பார்க்கலாம்.

பாடகருக்கு வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையில் 1 மீற்றர், வாயை விடச் சற்று உயரத்தில். வயலினுக்கு 1 முதல் 1½ மீற்றர். மிருதங்கத்துக்கு 1½ மீற்றர், வலந்தலையும் தொப்பியும் (வலப்பக்கத் தோலும் இடப்பக்கத் தோலும்) இரண்டும் தெரியும்படி. தப்புக்கு 3 முதல் 4 மீற்றர், முடிந்தால் திண்ணையிலோ வெளியிலோ. தகரத்தின் கீழே அடித்தால் கூரையே சேர்ந்து அதிரும்.

காணொளியை 1080பி, விநாடிக்கு 30 சட்டம் (ஃபிரேம்), போன் படுக்கை வாக்கில் என்று வையுங்கள். 4கே வேண்டாம், கோப்பு பெருக்கும், பாட்டுக்கு அதனால் லாபம் எதுவும் இல்லை. வயலின் வில் அதன் முழு நீளத்துக்கும் சட்டத்துக்குள் இருக்க வேண்டும். பாடகருக்கு இடுப்புக்கு மேலே, தாளம் போடும் கையும் சேர்த்து. சன்னல் முன்னால் இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துப்போகும். குளிரிலிருந்து போனை உள்ளே கொண்டுவந்தால் கண்ணாடியில் ஆவி படியும். கால்மணி நேரம் வைத்துத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

6. சுருதியும் வாத்தியமும்

தம்புராச் செயலியை இரண்டாவது போனில் ஓடவிட்டு, சின்ன ஸ்பீக்கர் ஒன்றில் இணையுங்கள். போனின் சொந்த ஸ்பீக்கரில் மந்தர ஸட்ஜமம் கேட்காது, பஞ்சமமும் மேல்ஸ்தாயி ஸட்ஜமமும் கீச்சென்று வரும். ஸ்பீக்கரை உங்கள் பக்கத்தில், ஒலிவாங்கிக்கு உங்களைப் போலவே தூரத்தில் வையுங்கள். நீங்கள் மூச்சு வாங்கும் இடைவெளியில் சுருதி தெளிவாகக் கேட்க வேண்டும், பாடும்போது குரலுக்கு அடியில் நிற்க வேண்டும். இரண்டு போனும் விமானநிலையில் இருக்கட்டும். நல்ல பாட்டின் நடுவே குறுஞ்செய்தி மணி அடித்த பதிவுகள் ஏராளம்.

காலைக் குளிரில் குரல் இறுகியிருக்கும். அரைமணி நேரம் அகாரமும் வரிசைகளும் பாடிய பின்பே பதியுங்கள். தினமும் 5 கட்டைச் சுருதியில் பாடுகிறவர் பதிவுக்காக 5½க்கு ஏற்ற வேண்டாம், தாரஸ்தாயியில் அது காட்டிக்கொடுத்துவிடும்.

மூடுபனி நாட்களில் மிருதங்கத் தோல் ஈரம் இழுத்துச் சுருதி இறங்கும். முதல் நாள் இரவே வாத்தியத்தைப் பதிவறையில் வையுங்கள். காலையில் சுருதி சேர்த்து, பத்து நிமிடம் வாசித்து, மறுபடி சேருங்கள். ஒரு முறை சேர்த்ததை நம்பி வாசித்தால் இரண்டாவது உருப்படியில் வலந்தலை இறங்கியிருக்கும். வயலினில் ஈரத்தால் பிரடை (தந்தியை முறுக்கும் ஆணி) ஊதி இறுகும். வலிந்து திருகினால் தந்தி அறும், மாற்றுத் தந்தி பக்கத்தில் இருக்கட்டும். தப்பைச் சூடுகாட்டிய உடனே பதியுங்கள், பனிக்காற்றில் விறைப்பு நெடுநேரம் நிற்காது. அதனால் மற்ற எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியாக நெருப்பு மூட்டுங்கள்.

7. முதல் நாள் சோதனைப் பதிவு

'ஹலோ, கேட்கிறதா' என்று பேசிப் பார்ப்பது சோதனை ஆகாது. உங்கள் உருப்படியில் அதிகச் சத்தமாகப் போகும் இடம் எதுவோ, பெரும்பாலும் சரணத்தின் தாரஸ்தாயிச் சங்கதி, அதை முழுக் குரலில் பாடிப் பதியுங்கள். முள்ளின் உச்சம் கழித்தல் 6 டெசிபெல் பக்கம் நிற்க வேண்டும். பூச்சியத்தைத் தொட்டால் ஒலி உடையும், உடைந்த ஒலியைப் பிறகு ஒட்ட வழியில்லை. குறைவாகப் பதிந்ததைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளலாம்.

பிறகு காதுக்கருவி போட்டு மூன்று விடயம் மட்டும் கேளுங்கள். சாகித்தியம் சொல் சொல்லாக விளங்குகிறதா? சுருதி முழுக்கச் சீராக இருக்கிறதா? வெளிச்சத்தம் ஏதாவது வருகிறதா? பாடகரே கேட்டால் தன் பிழைகளில் கவனம் போய்விடும், அதனால் வேறொருவரையும் கேட்கச் சொல்லுங்கள்.

8. பதிவு நாள்

ஒரு உருப்படியை ஒரே மூச்சில், வெட்டில்லாமல் பதிய வேண்டும். ஆலாபனையை ஒரு தடவையிலும் கீர்த்தனையை இன்னொரு தடவையிலும் எடுத்து ஒட்டினால், தம்புராவின் சுழற்சி மாறும் இடத்தில் பழகிய காது பிடித்துவிடும். உருப்படிக்கும் உருப்படிக்கும் இடையில் வெட்டலாமா என்பதைக் கல்லூரியின் அறிவுறுத்தலில் பாருங்கள்.

பதிவைத் தொடங்கியதும் ஐந்து விநாடி சும்மா இருங்கள், முடிந்ததும் ஐந்து விநாடி. ஒலியையும் காணொளியையும் தனித்தனிக் கருவியில் எடுத்தால் தொடக்கத்தில் ஒரு கைதட்டுப் போடுங்கள், பிறகு இரண்டையும் பொருத்த அதுவே அடையாளம். பெயரைச் சொல்லித் தொடங்க வேண்டுமா என்பது இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் கேட்பார்கள், சில இடங்களில் சொல்லவே கூடாது.

ஒரு உருப்படிக்கு மூன்று அல்லது நான்கு பதிவுக்கு மேல் எடுக்காதீர்கள். அதற்குப் பிறகு குரல் களைக்கும், சாகித்தியம் உயிரில்லாமல் வரும். தெரிவை அன்றே செய்யாமல், மறுநாள் ஆசிரியரோடு கேட்டு முடிவெடுங்கள். ஒரு சின்ன வழுக்கல் இருந்தாலும் உணர்வோடு பாடிய பதிவை, பிழையே இல்லாத சோர்ந்த பதிவுக்கு மேலாக வைக்கலாம். ஆனால் சுருதி விலகியதை வைக்க வேண்டாம்.

9. வெட்டும் அளவு மட்டும் வெட்டுங்கள்

தொடக்க, முடிவு அமைதியைக் குறையுங்கள், ஒலியைச் சமமாக உயர்த்துங்கள், அவ்வளவுதான். எதிரொலி சேர்ப்பது, சுருதி திருத்துவது, பின்னணிப் படம் போடுவது எதுவும் கூடாது. ஒலிக்கு ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும்.

அசல் ஒலியை வேவ் வடிவில் வைத்திருங்கள், 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 17 மெகாபைட் ஆகும். அனுப்ப 320 கிலோபிட் எம்பி3 எடுத்தால் பத்து நிமிடம் 24 மெகாபைட்டுக்குள் அடங்கும்.

ஆசிரியரின் போனிலிருந்து கோப்பை வாட்ஸ்அப்பில் காணொளியாக வாங்காதீர்கள். அது படத்தையும் ஒலியையும் பிழிந்து சிறிதாக்கிவிடும், அந்தப் பிரதியையே கல்லூரிக்கு அனுப்பியவர்கள் நிறையப் பேர். கேபிளில் எடுங்கள், இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பிலேயே ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். கோப்பின் பெயரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் இருக்கட்டும், தமிழ் எழுத்துப் பெயரைச் சில தளங்கள் ஏற்காது.

10. கேட்பவருக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள்

இதைப் பலர் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள், பெரிய இழப்பு அது. மேலைச் சங்கீதம் மட்டும் பழகிய ஒருவருக்கு, எது இயற்றியது, எது அந்த நேரத்தில் பிறந்தது என்று பிரித்தறிய வழியில்லை. உங்கள் உழைப்பில் பாதி கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஆங்கிலத்தில், நேரக் குறியோடு, நான்கைந்து வரி போதும். உள்ளடக்கம் இப்படி இருக்கலாம்:

'உருப்படி 1. ராகம் கல்யாணி, ஆதி தாளம் (8 அட்சரம்), சுருதி 5 கட்டை, அதாவது ஜி. 0:05 முதல் 1:30 வரை ஆலாபனை: தாளமில்லாமல் அப்போதே கற்பனை செய்து பாடியது. 1:30 முதல் 4:40 வரை கீர்த்தனை: ஆசிரியரிடம் வாய்ப்பாடமாகக் கற்றது. 4:40 முதல் 5:50 வரை கற்பனாசுரம்: மறுபடியும் மனோதர்மம்.'

பக்கவாத்தியக்காரர் யார், பாடலை இயற்றியவர் யார் என்பதையும் சேருங்கள். வட இலங்கை சங்கீத சபைத் தரப் பரீட்சைகளில் சித்தி பெற்றிருந்தால் இசைத் தகைமைப் பட்டியலில் தரத்தையும் ஆண்டையும் எழுதுங்கள். கலாவித்தகர் என்று மட்டும் போட்டால் அங்கே யாருக்கும் விளங்காது. அது பல தரங்களைக் கடந்து பெறும் பட்டம் என்று ஒரு வரி சேருங்கள். கடிதம் தரும் ஆசிரியரிடம் ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள். அவருக்கு ஆங்கிலத்தில் எழுதச் சிரமம் இருந்தால், தமிழில் எழுதி மொழிபெயர்ப்போடு தரலாமா என்று கல்லூரியிடம் கேளுங்கள்.

11. தரவேற்றம்

பத்து நிமிடக் காணொளி 1 கிகாபைட் வரும் என்று வையுங்கள். விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் ஏற்ற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் சிக்னல் போனால் சில தளங்களில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பள்ளத்தில் இருக்கும் தோட்டங்களில் இதை முயல்வதை விட, கோப்பை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய் ஏற்றுவது நல்லது. இறுதித் திகதிக்கு ஒரு வாரம் முன்பு போங்கள்.

தளக் கட்டணத்துக்கு வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறக்கப்பட்ட வங்கி அட்டை தேவை. நம் ஊர் அட்டைகள் பலவற்றில் அது மூடியே இருக்கும், வங்கியில் கேட்டு முன்கூட்டியே திறந்துகொள்ளுங்கள். கட்டண விலக்கு உண்டா என்றும் கல்லூரியிடம் கேளுங்கள்.

யூடியூப் இணைப்புக் கேட்டால் அன்லிஸ்டட் என்று வையுங்கள். பிரைவேட் என்று வைத்தால் இணைப்பு கையில் இருந்தும் அவர்களால் திறக்க முடியாது. வேறொருவருடைய போனில், உங்கள் கணக்கு இல்லாத இடத்தில், திறந்து பாருங்கள். முடிவு வரும்வரை அந்தக் காணொளியை அழிக்கவும் வேண்டாம், மாற்றவும் வேண்டாம்.

நேரக் கணக்கு: தவணை உங்கள் ஊர் நேரமா, கல்லூரியின் ஊர் நேரமா என்று பாருங்கள். நியூயோர்க்கை விட நாம் கோடை நேரத்தில் 9½ மணி, குளிர்கால நேரத்தில் 10½ மணி முன்னால். இந்த மாற்றம் நவம்பர் முதல் ஞாயிறு நடக்கும். அங்கே ஜனவரி 1 இரவு 11.59 என்றால் நமக்கு ஜனவரி 2 காலை 10.29.

ஏற்றி முடித்ததும் தளத்திலேயே பதிவை முதலிலிருந்து கடைசிவரை ஓடவிட்டுக் கேளுங்கள். பாதியில் அறுந்த கோப்பும், ஒலியில்லாத காணொளியும், மாறிப்போன உருப்படியும் அங்கேதான் பிடிபடும். அதன் பிறகே சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்துங்கள். உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வந்ததும் அதைப் படம்பிடித்து, அசல் கோப்புகளை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். அடுத்த கல்லூரி வேறு நீளத்திலோ வேறு வடிவத்திலோ கேட்டால், அந்த அசலிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.